நிக்கல் பன்னிரண்டு சதவீதம்

நிச்சயம் முடிந்து ஒன்பதாம் நாள் சௌபர்ணிகாவின் மோதிர விரலில் கொப்புளம் கிளம்பியது.

மோதிரம் பிளாட்டினம். அப்படித்தான் மாப்பிள்ளையின் அம்மா விசாலம் ஆச்சி சபையில் சொன்னாள். மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, ஒரே மாதிரி. சிங்கப்பூரில் வாங்கியது. "தங்கத்த எல்லாருந்தான் போடுறாக" என்று பந்தி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள். அதற்கு முன் பிளாட்டினத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறாளா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அம்மா மஞ்சளை அரைத்து விரலில் பூசி, "வெளிய சொல்லாத" என்றாள். கோட்டையூரில் அப்படிச் சொன்னால்தான் சேதி வேகமாகப் போகும். நாலாம் நாள் விசாலம் ஆச்சி போன் செய்தாள். பெண்ணுக்குத் தோல் வியாதி இருப்பதை மறைத்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

அம்மா அழுதாள். சௌபர்ணிகா கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். மோதிரத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு டவுன் பஸ் ஏறினாள்.

கடைத்தெருவில் முத்துக்கிருஷ்ணன் மெஷின் வைத்து நகையின் தரம் பார்க்கிறவர். மோதிரத்தை உள்ளங்கையில் ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"பிளாட்டினமா? யாரு சொன்னா?"

"மாப்பிள்ளையோட அம்மா."

"பிளாட்டினம்னா இந்தச் சைசுக்குக் கனத்துல கை எறங்கணும்மா. உள்ளுக்குள்ள பாருங்க, 750னு அடிச்சிருக்கான், அது தங்கத்துக்கு அடிக்கிற முத்திரை. அந்தம்மா ஒரு கண்ணாடியப் போட்டுப் படிச்சிருக்கலாம்."

மெஷின் ஒரு தாளைத் தள்ளியது. தங்கம் எழுபத்தைந்து, நிக்கல் பன்னிரண்டு, செம்பு எட்டு, துத்தநாகம் ஐந்து. பிளாட்டினம் பூஜ்யம்.

"தங்கத்துல நிக்கலக் கலந்து வெளுக்க வச்சது. மேல மெல்லிசா ரோடியம் முலாம். முலாம் தேஞ்சுச்சுன்னா நிக்கல் தோல்ல படும். சில பேருக்கு ஆகாது."

தங்கத்தை அவ்வளவு மட்டம் தட்டியவள் வாங்கி வந்தது முக்கால்வாசி தங்கம். பஸ்ஸில் சௌபர்ணிகா தனியாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விசாலம் ஆச்சி மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். காப்பி டம்ளரைத் தொடவில்லை. தொற்றிக்கொள்ளுமாம். மகன் கார்த்திகேய சிவம் பெங்களூரில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவன். வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்தபடியே வந்தான். காப்பியை இடது கையால் வாங்கினான்.

"சர்ட்டிபிகேட் எங்க ஆத்தா?"

சௌபர்ணிகா தாளை நீட்டினாள். விசாலம் ஆச்சி கண்ணாடியை மாட்டினாள்.

"இது டாக்டர் குடுத்ததில்லையே."

"மோதிரத்துக்கு எடுத்தது அத்தை. வியாதி அதுக்குத்தான். பிளாட்டினம் எவ்வளவுன்னு பாருங்க."

பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"மெசினு என்னத்தக் கண்டுச்சு? சிங்கப்பூருக்காரன் ஏமாத்துவானா?"

"அவன் ஏமாத்தல. வெள்ளைத் தங்கம்னு சொல்லித்தான் வித்திருப்பான். பிளாட்டினம்னு சொன்னது நீங்க."

அம்மா சௌபர்ணிகாவின் முழங்கையைக் கிள்ளினாள்.

"நல்லாப் பேசுற. அப்ப எம் மகனுக்கு ஏன் ஒண்ணும் வரல? அவனுந்தான அதே மோதிரத்தப் போட்டிருக்கான்? குத்தம் ஒன் தோல்ல இருக்கு."

கார்த்திகேய சிவம் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான். காப்பியில் ஆடை படிந்துவிட்டது. அவனாக ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நடக்கட்டும் என்று சௌபர்ணிகா காத்திருந்தாள். அவன் அந்த மாதம் முழுவதையும் படித்து முடித்தான். எழுந்து போய் அடுத்த மாதத்தைப் புரட்டினான், இடது கையால்.

சௌபர்ணிகா அவன் பக்கம் திரும்பினாள். "பாக்கெட்டுக்குள்ள என்ன வச்சிருக்கீக? அந்த மோதிரக் கைய வெளிய எடுங்க, பாப்போம்."