த்ராய்லோவின் புதுச் செருப்பு

திருவிழாவின் கடைசி நாள் வந்தபோது எங்கள் ஊரில் களைக்காதவர் என்று ஒருவரும் இல்லை. ஆடுகிறவர்களும் களைத்திருந்தார்கள், கை தட்டுகிறவர்களும் களைத்திருந்தார்கள். பல தேசத்துக் குழுக்களை வரவழைத்து, செம்பு உருக்காலையின் கால்பந்து மைதானத்தில் மேடை போட்டு ஆடவைப்பது எங்கள் ஊர் வழக்கம். காற்று திரும்பினால் உலைப்புகை மைதானத்தின் மேல் இறங்கும். நாக்கில் காசை வைத்ததுபோல் கசக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. போர்ச்சுகல் பெண்கள்தான் பாவம், வாயைப் பொத்திக்கொண்டே ஒத்திகை பார்த்தார்கள்.

எல்லோருக்கும் சாப்பாடு ஆலை கேன்டீனில். பெர்சிதா பெரிய சமையல்காரி. நான் அவளுக்குக் கீழே முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிகிறவள். அந்த வாரம் முழுக்க அவளோடு பேச வேண்டுமென்றால் நான் கத்த வேண்டியிருந்தது. அவள் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தாள்.

காரணம் சொல்கிறேன். அவள் புருஷன் த்ராய்லோ போன கோடையில் இறந்துவிட்டான். மலை கிராமங்களில் வாழும் எங்கள் விளாக் ஜனங்களில், செத்தவருக்கு ஒரு ஆட்டம் கொடுக்க வேண்டும். ஊர் கூடுகிற இடத்தில், பொழுது சாய்வதற்குள், இன்னாருக்காக என்று பேர் சொல்லி வாத்தியம் வாசிக்க வேண்டும். செத்தவருடைய இடத்தில் ஒருவர் அவருக்காக வாங்கிய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்று ஆட்டத்தை நடத்துவார். கூட ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு மெழுகுவத்தி, ஒரு துண்டு, கொஞ்சம் மிட்டாய். அதற்குப் பிறகுதான் செத்தவருக்கு அந்த உலகத்தில் ஆட்டத்தில் இடம். அதுவரை வீட்டுக்காரி பாட்டு கேட்கக்கூடாது. ஒலிபெருக்கிக்குக் கீழே அடுப்பு எரிக்கிறவள் பஞ்சு அடைக்காமல் என்ன செய்வாள்?

முன்பெல்லாம் புனிதர் எலியா திருநாள் சந்தையில் இதைக் கொடுப்போம். திருவிழா வந்ததும் சந்தை நின்றுபோயிற்று. த்ராய்லோவோ ஆட்டம் என்றால் உலையில் வேலை முடித்த கையோடு குளிக்காமல் ஓடுகிறவன். பெர்சிதாவின் மகள் திங்கட்கிழமை அவளை வியன்னாவுக்குக் கூட்டிப் போகிறாள், ஒரேயடியாக. அங்கே அடுக்குமாடியில் யாரைக் கூட்டி ஆடவைப்பது? இந்த ஞாயிறு விட்டால் த்ராய்லோ வெளியில் நின்றது நின்றதுதான்.

திருவிழாவை நடத்துகிற வெலிமிரிடம் அவள் முன்பே கேட்டிருந்தாள். கலாசார மன்றத்தின் தலைவர், கழுத்தில் அட்டை தொங்கும். பிறந்தது எங்கள் மலை கிராமத்தில்தான், ஆனால் அதை மேடையில் சொல்ல மாட்டார்.

"அக்கா, மேயர் உக்காந்திருப்பாரு, டிவிக்காரங்க வராங்க. அவங்க முன்னாடி எழவு ஆட்டத்தையா வைக்கிறது?"

"என்ன சொல்ற, கத்திச் சொல்லு."

"மேடையில முடியாதுன்னு சொல்றேன்."

"அதுக்கு ஏன் இப்படிக் கத்துற."

அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "சாயந்திரம் இடைவேளையில கேட்டுக்கு வெளிய வச்சுக்குங்க. நான் பார்க்கலைன்னு வச்சுக்கிறேன்."

சரியென்று ஏற்பாடு செய்தோம். அக்கார்டியன் வாசிக்க பாவுன். முன்னால் நிற்க, த்ராய்லோவோடு ஒரே உலையில் வேலை பார்த்த யாங்கு. செருப்பைப் பார்த்ததும் பாவுன், "இது செருப்பா படகா? இவன் அங்க ஆத்தைக் கடக்கணுமா?" என்றான். த்ராய்லோவின் கால் அவ்வளவு பெரிது. யாங்கு உள்ளே துணி திணித்துக்கொள்கிறேன் என்றிருந்தான்.

இடைவேளை வந்தது, யாங்கு வரவில்லை. ஆலையில் யாரோ மயங்கி விழுந்ததால் அவனை உலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள் என்று காவல்காரன் வந்து சொன்னான். வேறு யாரைக் கூப்பிடுவது? ஊர் ஆண்களில் பாதிப் பேர் வியன்னாவில் சுவர் கட்டுகிறார்கள். மீதிப் பேரைக் கேட்டுக் கேட்டு நான் வாசலுக்கும் மைதானத்துக்குமாக நடந்தேன். ஒருவனுக்கு முழங்கால், ஒருவன் தன் அம்மாவுக்கு இன்னும் ஆட்டம் கொடுக்கவில்லை, அவன் ஆடக்கூடாது. இடைவேளை முடிந்தது. ஒலிபெருக்கி மறுபடி அலறியது.

பெர்சிதா அழவில்லை. செருப்பும் துண்டும் மெழுகுவத்தியும் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு கேன்டீன் பின்வாசலுக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட உருளைக்கிழங்குப் பெட்டியில் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். ஆலை கொட்டிக் குவித்த கசடு மலைக்கு மேலே சூரியன் ஒரு கை உயரத்தில் நின்றது.

பக்கத்துப் பெட்டியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெலிமிர். பளபளக்கிற நகரத்துச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சாக்ஸைத் தோலிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு குதிகாலும் ரத்தம். வாரம் முழுக்க அதிலேயே ஓடியிருக்கிறார்.

"என்னப்பா இது, கால வெட்டிப் போட்டு வச்சிருக்க."

"போர்ச்சுகல் குழு முடிஞ்சா மேயர் பேச்சு. அதுக்கப்புறம் பரிசு. அதுவரைக்கும் நிக்கணும்க்கா. நின்னுட்டேன்னா அப்புறம் செத்தாலும் பரவாயில்ல."

அவள் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடைக்குள் கையை விட்டு அந்தத் தோல்செருப்பை எடுத்தாள். மெத்தென்று, அகலமாக, பின்பக்கம் உரசாத செருப்பு.

"இந்தா, போட்டுக்க. இனிமே இது யாருக்கு. சும்மாதான கிடக்கப் போகுது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செத்தவர் பொருளைக் கை மாற்றும்போது எங்கள் வாய் தானாகச் சொல்லிவிடும். "த்ராய்லோவுக்குப் போய்ச் சேரட்டும்" என்று சொல்லிக்கொண்டே நீட்டினாள்.

வெலிமிர் காலை உள்ளே நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார், பச்சைக் குழந்தையைத் தண்ணீரில் இறக்கினால் விடுமே, அப்படி. அந்த சுகத்தில், அம்மா சொல்லிக் கொடுத்தது எங்கேயோ அடியில் கிடந்தது போலும், மெல்ல வந்தது. "கடவுள் ஏத்துக்கட்டும்."

பஞ்சு அடைத்த காதிலும் அது அவளுக்குக் கேட்டது.

கொடுத்தவள் கொடுத்துவிட்டாள், வாங்கியவர் வார்த்தை சொல்லி வாங்கிவிட்டார். இனி த்ராய்லோ இடத்தில் முன்னால் நிற்க வேண்டியவர் அவர்தான். செருப்பு அவர் காலுக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது.

"அக்கா, நான் ஏதோ நெனப்புல சொல்லிட்டேன்," என்று அவள் காதருகில் குனிந்து சொன்னார்.

"நானும் நெனச்சுக் குடுக்கல தம்பி. உன் கால் கிடந்த கிடைக்குத்தான் குடுத்தேன். கழட்டிக் குடுத்துரு, ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் குனிந்தார். வாரைத் தொட்டார். "எங்கம்மா இருந்தா, கழட்டக் கை வச்சதுக்கே விளக்குமாத்தை எடுத்திருப்பா," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார். "பாவுன் எங்க?"

போர்ச்சுகல் குழு மேடைக்குக் கீழே வரிசையில் நின்றிருந்தது. வெலிமிர் அவர்களைக் கையால் நிறுத்திவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த ஆட்டம் உருக்காலையில வேலை பார்த்த த்ராய்லோவுக்காக. மேடையில இல்ல, கீழ புல்லுலதான். யாரும் கை தட்ட வேண்டாம்."

ஒலிபெருக்கியில் வேறொன்றும் வரவில்லை. அக்கார்டியனும், தூரத்து உலைச் சத்தமும். வெலிமிர் முன்னால் நின்று தொடங்கினார். நன்றாக ஆடினார் என்று பொய் சொல்ல மாட்டேன். நொண்டி நொண்டித்தான் ஆடினார். ஆனால் காலுக்கு வழி தெரிந்திருந்தது. நானும் கேன்டீன் பெண்களும் சேர்ந்தோம். பெர்சிதா துண்டும் மெழுகுவத்தியும் கொடுத்துக்கொண்டே வந்தாள். போர்ச்சுகல் பெண்கள் அன்பளிப்பு என்று நினைத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி கையிலிருந்த வண்ணச் சால்வையை இடுப்பில் செருகிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். காலெல்லாம் கனத்துப்போயிருந்ததால் எல்லோரும் ஒரே மெதுவில்தான் ஆடினோம். ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நடந்த மாதிரிதான் இருந்தது.

கூடை காலியானதும் பெர்சிதா வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். ஒரு சுற்று வந்தாள். சூரியன் கசடு மலைக்குப் பின்னால் போயிற்று. பாவுன் நிறுத்தினான். யாரும் கை தட்டவில்லை. மேயர் மட்டும் தட்டத் தொடங்கி, சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வெலிமிர் அவளிடம் வந்தார். "கழட்டலாமாக்கா?"

"கழட்டி? அவன் வெறுங்காலோட நடப்பானா? உன்னோடது அது. தேயுற வரைக்கும் போடு."

பிறகு பரிசளிப்பு முழுக்க அவர் கோட்டும் கழுத்து அட்டையும் தோல்செருப்புமாக நின்றாராம்.

ஆட்டம் முடிந்த கையோடு நாங்கள் கேன்டீனுக்குத் திரும்பியிருந்தோம். இன்னும் ராத்திரிச் சாப்பாடு இருந்தது. பெர்சிதா வீங்கின காலைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு உட்கார்ந்தாள். வெளியே போர்ச்சுகல்காரர்கள் ஆடத் தொடங்கியிருந்தார்கள், சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் பீன்ஸ் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல அடிவயிற்றிலிருந்து, "அக்கா, உப்பு போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டாச்சு. கத்தாதடி," என்றாள் கண்ணைத் திறக்காமல். "எனக்குக் காது கேக்குது."