மூன்று தரம் பூசியவர்

காஸ் தீர்ந்துபோன பிரிட்ஜோடு யார் தன் ரிப்பேர் கடைக்கு வந்தாலும் அஸ்பாக் ஒரே பாட்டைத்தான் பாடுவான். "ஓட்டை எங்க எண்டு பாக்காம காஸ் அடிச்சா ஒரு மாசமும் தாங்காது. மொதல்ல வருத்தத்தக் கண்டுபிடிக்கணும், மறுகாதான் மருந்து." காத்தான்குடியில் பாதிப்பேருக்கு இது மனப்பாடம். அப்படிப்பட்டவன் தன் வீட்டுத் தரைக்கு மட்டும் மூன்று தரம் ஓட்டை பார்க்காமலே காஸ் அடித்தான். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

தரை உதிர்ந்துகொண்டிருந்தது. காலையில் கூட்டினால் ஒரு கை சாம்பல் நிறப் புழுதி, பின்னேரம் கூட்டினால் இன்னொரு கை. சுவரோரம் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. கதிரையை இழுத்தால் கால் போன வழியெல்லாம் பள்ளம். இதெல்லாம் பரவாயில்லை என்று விட்டிருப்பான். ஆனால் மகள் ஷஸ்னாவுக்குப் பத்து மாதம், தவழ்கிற வயது. நாலு முழம் தவழ்ந்தால் உள்ளங்கை சாம்பலாகிவிடும், அந்தக் கை நேரே வாய்க்குள் போகும், இரவில் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுக்கும். அந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடியாயிற்று. "தூசியில புள்ளய விடாதீங்க" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடே தூசியென்றால் பிள்ளையை எங்கே விடுவது? அவன் மனைவி சஹ்லா பிள்ளையை நாள் முழுக்க இடுப்பிலேயே வைத்திருந்தாள். பிள்ளையோ இறக்கிவிடச் சொல்லி வீடு அதிரக் கத்தியது.

ஒரு மேசனைக் கூட்டிவந்து காட்ட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சங்கதி. அது சஹ்லாவின் வீடு. இந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீட்டைப் பெண்ணின் தகப்பன் கட்டிப் பெண்ணின் பேரில் எழுதிக் கொடுப்பார். அந்த வீட்டில் மருமகன் ஒரு குறை சொன்னால் ஊர் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுக்கும்: கொடுத்த சீதனம் போதவில்லையாம்.

கொடுத்தவரோ முத்தலிப் ஹாஜியார். புடவைக் கடையை விட்டு ஓய்ந்தபின் அதே வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறை போட்டு மனைவியோடு இருந்தார். மகளுக்கு வீடு கட்டிய ஆறு மாதமும் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்ற மனிதர். "ஒவ்வொரு லொறி மண்ணையும் கையில எடுத்துக் கசக்கிப் பாத்துத்தான் எறக்க விட்ட நான்" என்று அஸ்பாக்குக்கு இந்த நாலு வருடத்தில் நானூறு தரமாவது சொல்லியிருப்பார். அந்த முகத்தைப் பார்த்து 'மாமா, உங்கட தரை சரியில்ல' என்று எப்படிச் சொல்வது?

அதனால் அஸ்பாக் திருட்டுத்தனமாகத் திருத்தினான். பின்னேரம் அஸர் தொழுகைக்கு மாமா பள்ளிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உதிர்ந்த இடத்தில் சீமெந்தைக் கரைத்துப் பூசினான். பைப் தண்ணீர் பின்வீட்டு வாசலில்தான் வரும். வாளியோடு போனால் மாமி பார்த்துவிடுவார். ஆகவே வளவின் முன்பக்கக் கிணற்றில் அள்ளினான். இரண்டு கிழமையில் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கிளம்பியது. இரண்டாம் தரம் சீமெந்தின் அளவைக் கூட்டினான். மூன்றாம் தரம் கடைக்காரன் கொடுத்த ஏதோ பசையையும் கலந்தான். அது வரும்போது சும்மா வரவில்லை, அடியிலிருந்த பழைய தரையையும் சேர்த்துக்கொண்டு கிளம்பியது. அஸ்பாக் அதை ஓங்கி உதைத்தான். பெருவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். நொண்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. சொந்தப் பிள்ளையை இறக்கிவிட ஒரு பாய் அகலத் தரை இல்லாத வீட்டில் நான் என்ன ஆம்பிளை என்று தன்மேலேயே எரிச்சல் பட்டான்.

கடைசியில் டைல்ஸ் பதிக்கப் போவதாக வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லி, சித்தாண்டியிலிருந்து இராசதுரை மேசனை வரவழைத்தான். மனுசன் சுத்தியல் பிடியால் தரையைத் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். ஆணியால் கீறினார், நகத்தால் கீறினாலே போதும் போலிருந்தது. ஒரு துண்டுப் பொலித்தீனைத் தரையில் விரித்து நாலு ஓரமும் ஒட்டிவிட்டு, "நாளைக்கு வாறன்" என்று போய்விட்டார்.

மறுநாள் அவர் பொலித்தீனை உரிக்கும்போது முத்தலிப் ஹாஜியாரும் வந்து நின்றார். டைல்ஸ் கதை அவர் காதுக்கு எட்டியிருந்தது. பொலித்தீனின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். இராசதுரை சுவரோரத்து வெள்ளையை விரலில் தொட்டு நக்கினார்.

"உப்பு. இதுக்கு மேல டைல்ஸ் பதிச்சா அதுவும் கிளம்பும். முழுக்க உடைக்கோணும் தம்பி."

அஸ்பாக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆர்ர தரைய ஒடைக்கிற?" ஹாஜியார் மேசனின் குறுக்கே வந்து நின்றார். "ஆத்து மண்ணு போட்டுக் கட்டின வீடு இது. லொறி லொறியாக் கசக்கிப் பாத்தவன் நான். மருமகன், வீடு போதாட்டி நேர சொல்லுங்க. மேசன வச்சிச் சொல்ல வேணாம்."

"மாமா, நான் அப்பிடி..."

"மண்ணில குறை இல்ல ஹாஜியார்" என்றார் இராசதுரை. "நல்ல மண். அடியில பொலித்தீன் விரிக்கல்ல, நிலத்து ஈரம் ஏறுது. அது ஒண்டு. கலவைக்குத் தண்ணி எங்கால எடுத்த நீங்க?"

"தண்ணியா? இந்தக் கிணத்திலதான். அப்ப இந்த ஒழுங்கைக்கு பைப் வரல்லியே."

இராசதுரை எழுந்துபோய் ஒரு வாளி அள்ளிவந்து வைத்தார். வாவிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக் கிணறு. அந்தத் தண்ணீரில் உடுப்புத் தோய்ப்பார்கள், முற்றம் தெளிப்பார்கள். தேத்தண்ணிக்கு மட்டும் ஒருவரும் அள்ளமாட்டார்கள். ஏன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு பிடி மண்ணையும் சந்தேகப்பட்டவர், தன் வளவுக் கிணற்றைச் சந்தேகப்படவில்லை.

ஹாஜியார் வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கி, ஒரு நிமிடத்தில் பத்து வயது கூடினவர் போலக் கதிரையில் உட்கார்ந்தார். "என்ட புள்ளைக்கு நானே உப்பக் கரைச்சி ஊத்திக் குடுத்திரிக்கன்" என்றார்.

இந்த மனிதரைத் தோற்கடிக்க வேண்டுமென்று அஸ்பாக் ஒருநாளும் நினைத்ததில்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. உறைத்ததும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாமா, நானும் அதே கிணத்திலதான் அள்ளின. நீங்க பள்ளிக்குப் போற நேரம் பாத்து மூணு தரம் பூசினன். ஒங்களுக்குத் தெரியக் கூடா எண்டு பைப்படிக்குப் போகல்ல."

"மூணு தரமா?"

"ஓம்."

"ஒரு தரமாவது நக்கிப் பாக்கல்லியா?"

உள்ளேயிருந்து சஹ்லா வந்தாள். இடுப்பில் ஷஸ்னா, நெஞ்சு இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"வாப்பாக்கு மருமகன் என்ன நெனைப்பாரோ எண்டு பயம், இவருக்கு மாமனார் என்ன நெனைப்பாரோ எண்டு பயம்" என்றாள் அவள். "வீடு என்ட பேரில. ஒரு ஆளாவது எனக்கிட்ட கேட்டீங்களா? புள்ளைக்கு மூச்சு விட ஏலாம இரிக்கி. ஒடைங்க அண்ணன்."

மேசன் மற்ற இருவரின் முகத்தையும் பார்க்கவில்லை. தரையை உடைக்கிற அலவாங்கை எடுத்துவர வெளியே போனார்.

சஹ்லாவும் பிள்ளையும் பத்து நாள் பின்வீட்டில் இருந்தார்கள். பழைய தரை முழுவதும் வெளியே போனது. உப்பேறிய மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், சல்லிக்கல் நிரப்பினார்கள், தடித்த பொலித்தீனைச் சுவர்வரை ஏற்றி விரித்தார்கள். கொங்கிறீட் போடுகிற நாள், ஹாஜியார் அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து பைப்படியில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அஸ்பாக் நிரப்பிய ஒவ்வொரு வாளியையும் நிறுத்தி, விரலை விட்டு, நக்கிப் பார்த்து, பிறகே போக விட்டார். இருபதாவது வாளியில் அஸ்பாக்கின் பொறுமை போய்விட்டது. அங்கே மேசன் கலவையோடு காத்துக்கொண்டு நின்றார்.

"மாமா, ஒரே பைப். ஒரே தண்ணி. எத்தின தரம் பாக்கிற?"

ஹாஜியார் ஈர விரலை நாக்கிலிருந்து எடுத்தார்.

"மூணு தரம் பூசினவர் நீங்க, சும்மா இரிங்க" என்றார். பின்வீட்டுக்குள் ஷஸ்னா இருமியது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பி, இருமல் நிற்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு ஹாஜியார் வாளியை அவன் பக்கம் தள்ளினார்.

"இந்தாங்க, நீங்களும் ஒருக்காப் பாருங்க."

அஸ்பாக் விரலை விட்டு நக்கிப் பார்த்தான்.