எஸ்ரா வளர்கிறான்

பள்ளியிலிருந்து போன் வந்தபோது ஆல்வின் ப்ரூயிட் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைப் பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டிருந்தான். "உங்க பையன் விஷயம். உடனே வாங்க" என்றார் துணை முதல்வர். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் வடபகுதியிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவன் அவன். கருவிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பினான்.

அலுவலக அறையில் எஸ்ரா உட்கார்ந்திருந்தான். எட்டு வயது. கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். எதிரே ஒரு போலீஸ்காரர்.

"கையை ஏன்டா அப்படி வச்சிருக்கே?"

"அசைக்கக் கூடாதுன்னு அவர்தான் சொன்னாரு, டாடி."

ஆல்வின் தன் கைகளை மெதுவாக, எல்லோருக்கும் தெரியும்படி, கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்தான்.

"நாற்காலியைத் தூக்கி எறிஞ்சிருக்கான்" என்றார் போலீஸ்காரர். "இன்னைக்கு விடறேன். இன்னொரு தடவைன்னா என் கையில இல்லை."

கத்த வேண்டும் போலிருந்தது. போலீஸ் முன்னால் தன்னைப் போன்ற கறுப்பினத்தவன் கத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. "சரிங்க சார்" என்றான். மகன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வராந்தாவில் வகுப்பாசிரியை மிஸ் கோவால்ஸ்கி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"போலீஸை நான் கூப்பிடல, மிஸ்டர் ப்ரூயிட். அவன் எறியவும் இல்ல. காலால உதைச்சான், அவ்வளவுதான். வாசிக்கச் சொன்னேன், திணறினான், பசங்க சிரிச்சுட்டாங்க. அவனுக்கு வாசிக்கவே வரல. தன் முறை வரும்போதெல்லாம் கலாட்டா பண்ணி வெளியே போயிடறான். எனக்கு இன்னைக்குத்தான் உறைச்சுது."

"வீட்டுல படிச்சுக் காட்டுவானே!"

"மனப்பாடமா இருக்கும்."

"ஆக, இத்தனை நாளா உங்க கண்ணுக்கு அவன் போக்கிரி. அப்படித்தானே?"

அவள் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. "ஆமா. தினமும் மணியடிக்கிறதுக்கு முன்னாடி அவனோட உட்கார்றேன். நீங்களும் வரணும். தனியா நான் கூப்பிட்டா நம்ப மாட்டான்."

மறுநாளே போனான். பனி கொட்டிய அந்தக் குளிர்காலம் முழுக்க மூவரும் ஒரு சின்ன மேஜையைச் சுற்றி முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். "டாடி, நீயே தப்பா வாசிக்கிறே!" என்று எஸ்ரா ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தான். கேள்விப்பட்டு வேறு சில அப்பாக்களும் பிள்ளைகளோடு வரத் தொடங்கினார்கள். ஆனாலும் வெளியே எங்காவது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் போதும், பெரியவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தி, மறுபடி போலீஸ் வருமோ என்று கதவைப் பார்த்தார்கள்.

வசந்தத்தில் எஸ்ரா வகுப்பின் முன் நின்று ஒரு பக்கம் முழுவதையும் வாசித்தான். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஆல்வின் அவனைப் புது ஷூ வாங்க அழைத்துப் போனான்.

கடைக்காரப் பெண் எஸ்ராவின் பாதத்தை அளந்தாள். "பதிமூணு வயசு இருக்குமா?"

"ஒன்பதுதான் ஆகுது."

"அப்படியா! பார்த்தா தெரியலையே."

எஸ்ரா பெருமை தாங்காமல் கண்ணாடி முன் விறைப்பாக நின்றான். அப்பாவின் தோளுக்கு வந்துவிட்டான். தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு, போலீஸ்காரர்கள் கண்ணுக்கு இவன் இன்னும் எத்தனை நாள் குழந்தை? கொஞ்சம் குனிஞ்சு நில்லுடா என்ற சொல் ஆல்வினின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, பணம் கட்டப் போனான்.