சூடானால் நிற்கும் வண்டி

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வண்டி தானா நின்னுதா, இல்ல அவரே நிறுத்திட்டு உக்காந்திருந்தாரா? அத மட்டும் பாத்துச் சொல்லுடா. உன்னை விட்டா நான் யாரைக் கேப்பேன்?"

அக்காவின் கணவர், என் மச்சான், இறந்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையில், பட்டப்பகலில், நடுத்தடத்தில் அவருடைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் நின்றிருக்கிறது. பின்னால் வந்த லாரி மோதிவிட்டது. கார் மெதுவாக உருண்டு நின்றதென்றும், பிரேக் விளக்கு எரியவே இல்லையென்றும், உள்ளே இருந்தவர் இறங்கவில்லையென்றும் லாரிக்காரர் எழுதிக் கொடுத்தார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் மச்சானுக்கு வேலை போயிருந்தது. ஊர் வாய்க்கு அது போதாதா? வேண்டுமென்றே நிறுத்திவிட்டாராம் என்று ஆரம்பித்த பேச்சு பள்ளிக்கூடம் வரைக்கும் போனது. அக்காவின் பதினோரு வயது மகளிடம் கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று நேராகவே கேட்டுவிட்டது, உங்கப்பாவுக்கு உங்களைப் பிடிக்காதா என்று. அன்றிலிருந்து பாப்பா 'அப்பா' என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அழவும் இல்லை. அவள் அழாததுதான் அக்காவை அதிகம் பயமுறுத்தியது.

நான் மெக்கானிக். பதினெட்டு வருஷமாக இதே தொழில். வாய் நீளம், பொறுமை கம்மி. அந்த வண்டியைக் கடைசியாகத் தொட்டவனும் நான்தான். அதனால் அக்காவின் கேள்வி அவள் நினைத்துக் கேட்டதைவிட ஆழமாக எனக்குள் இறங்கியது.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது இருபத்தெட்டு வருஷத்துப் பழைய வண்டி. மச்சான் அதை வாங்கியபோதே எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் மூன்று பேர், வண்டியில் இரண்டு சீட்டு, இது என்ன கணக்கு என்று கேலி செய்தேன். அவரோ அதை நான்காவது ஆள் மாதிரி துடைத்துக்கொண்டே இருப்பார்.

"ஓடிக்கிட்டே இருக்கும்போது பொட்டுன்னு நின்னுபோகுது மாப்ள. பத்துப் பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது" என்று முதல் முறை வந்தார். மாலையில் விட்டுவிட்டுப் போவார். நான் மறுநாள் காலையில் பார்ப்பேன். இரவெல்லாம் ஆறிக் கிடந்த எஞ்சின் ஒரே சாவியில் கிளம்பும். பானெட்டைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் ஓட விடுவேன், பிசிறில்லாமல் ஓடும். முதல் முறை பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன், இரண்டாம் முறை ப்ளக்குகளை. "வண்டியில கோளாறு இல்ல, ஓட்டுறவர்கிட்டதான்" என்று அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். மச்சானும் சேர்ந்து சிரித்தார்.

மூன்றாம் முறை வந்தபோது அவர் ஒன்று சொன்னார். "நிக்கும்போது எஞ்சின் சுத்து காட்டுற முள்ளு ஒரேயடியா பூஜ்யத்துக்கு விழுது மாப்ள. வண்டி உருண்டுக்கிட்டேதான் இருக்கு, முள்ளு மட்டும் விழுந்துடுது."

தொழில் தெரிந்தவனுக்கு அது போதும். எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் ஒன்று உண்டு, கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அது வாயை மூடிக்கொண்டால் முள்ளும் விழும், தீப்பொறியும் வராது, பெட்ரோலும் வராது. புதிய சென்சாரை வரவழைத்தேன். ஆனால் பழையது இருந்ததோ எஞ்சினுக்குப் பின்னால் கை நுழையாத சந்தில், துருவேறிய போல்ட்டுக்குக் கீழே. அரை நாள் வேலை என்று தோன்றியது. அன்றைக்கென்று வாசலில் நான்கு வண்டிகள், நான்கு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். வயர் சாக்கெட்டை மட்டும் கழற்றித் துடைத்து மாட்டினேன். மாலையில் மச்சான் வந்ததும், "புதுசு மாத்திட்டேன் மச்சான், இனிமே நிக்காது, எங்க வேணா தைரியமா ஓட்டுங்க" என்றேன். சொந்தக்காரர்தானே, அடுத்த வாரம் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்ற எண்ணம். அவ்வளவு நாளும் நெடுஞ்சாலைப் பக்கமே போகாதவர், ஐந்தாம் நாள் போனார்.

போலீஸ் விடுவித்த வண்டியை ஒர்க்ஷாப்புக்கு இழுத்து வந்தோம். பின்பாதி நசுங்கி சீட்டோடு ஒட்டிக் கிடந்தது. முன்னால் இருந்த எஞ்சினில் ஒரு கீறல்கூட இல்லை. பெட்ரோல் டேங்க் போய்விட்டதால் ஒரு கேனையும் வேறு பம்ப்பையும் இணைத்தேன், புது பேட்டரி வைத்தேன். இந்த முறை பானெட்டை மூடினேன். ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையைச் சாய்த்துக் காற்றையும் தடுத்தேன், எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும் என்று. மச்சான் உயிரோடு இருந்தபோது செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? நிற்காமல் ஓடட்டும் என்று. ஓடினால் அவர் செய்தது, நின்றால் நான் செய்தது. என் அக்கா புருஷன் தானே சாவைத் தேடிக்கொண்டார் என்று ஆகட்டும் என்றுதான் அங்கே நின்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் டிங்கர் அண்ணன், நசுங்கிய தகரத்தை நிமிர்த்துபவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது நிமிடம் போனது. முப்பது. "ஓடுதேப்பா" என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நாற்பத்து மூன்றாவது நிமிடம் முள் விழுந்தது. எஞ்சின் இருமவில்லை, திணறவில்லை. அப்படியே அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, முள் அசையவில்லை. ப்ளக்கில் பொறி இல்லை. சென்சாரின் வயரில் மீட்டரை வைத்தேன், ரீடிங்கே இல்லை. கால் மணி நேரம் ஆறவிட்டதும் ரீடிங் வந்தது, எஞ்சின் ஒரே சாவியில் கிளம்பியது. நான் அதோடு விடவில்லை. மூன்று தரம் சூடாக்கினேன், மூன்று தரமும் நின்றது.

பிறகு சென்சாரைக் கழற்றினேன். அரை நாள் ஆகும் என்று ஒதுக்கிவைத்த வேலை ஒரு மணி இருபது நிமிடத்தில் முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிங்கர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுஷர், என் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தார்.

"புதுசு போட்டேன், அதுவும் போயிடுச்சுன்னு சொல்லிடுப்பா. நடக்கிறதுதானே? அக்காவுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

வீட்டுக்குப் போனபோது அக்கா பாப்பாவின் பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

"வண்டிதான் நின்னுதுக்கா. அவர் நிறுத்தல. ஒரு சென்சார் சூட்டுல செத்துப்போயிருக்கு. கொஞ்சம் ஆறினா திரும்பக் கிளம்பும்னு அவருக்குப் பழக்கம். அதான் இறங்காம சாவியைத் திருப்பிக்கிட்டே இருந்திருக்கார்."

அக்கா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "எங்கள விட்டுட்டுப் போகணும்னு நினைக்கல... நினைக்கவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என் கையைப் பிடித்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டாள். "நீ நல்லா இருப்படா தம்பி." அந்த வாழ்த்து என்னைச் சுட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள். "நீ மாத்திக் குடுத்தியே, அதுவா? அன்னிக்கு வந்து எவ்வளவு சந்தோஷமா சொன்னார் தெரியுமா? புதுசே இப்படிப் போகுமாடா?"

ஒரு 'ம்' போதும். அண்ணன் சொல்லிக்கொடுத்த பொய்கூட வேண்டாம். என் கை அப்போதும் அவளிடம்தான் இருந்தது.

"புதுசு இல்லக்கா. நான் மாத்தவே இல்ல. மாத்திட்டேன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் கையை விட்டாள். எழுந்து இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையை மடித்து முடிக்கும் வரைக்கும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"பாப்பாகிட்ட வண்டி தானா நின்னுபோச்சுன்னு சொல்லப் போறேன். அது அவளுக்கு இன்னிக்கே வேணும். ஏன் நின்னுதுன்னு ஒருநாள் கேப்பா. அன்னிக்கு நீ வந்து உன் வாயால சொல்லணும். அதுவரைக்கும் மாமா மாமான்னு உன்கிட்ட வருவா. நீ ஒதுங்கக் கூடாது."

உள்ளே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. அக்காவின் தாழ்ந்த குரல் கேட்டது. பிறகு "அப்பா" என்று பாப்பா வீறிட்டு அழுதாள். அத்தனை நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் வாசலைப் பார்த்து ஓரடி வைத்தேன்.

பாப்பா ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முகத்தை என் சட்டையில் புதைத்து, விக்கலுக்கு நடுவே கேட்டாள்.

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா மாமா?"

அவள் தலைக்கு மேலே, கதவில் சாய்ந்தபடி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா பாப்பா" என்றேன்.