ஐந்தாம் இன்னிங்ஸில் கட்டித் தழுவியது

ரஸ்ஸல் ப்ரூட்டுக்கு அந்த ஜூலை மாதம் முழுக்க வயிறு எரிந்துகொண்டே இருந்தது. காரணம் மைதானத்தின் வலது மூலையில் நின்ற எலீசியோ.

லூயிவில் கொக்குகள் என்ற அந்த பேஸ்பால் குழு வழக்கம்போலக் கடைசி இடத்தில் கிடந்தது. ஜூலை கடைசி நாள் மாலை ஆறு மணிக்குள் ஆள் மாற்றிக்கொள்ளலாம், பிறகு முடியாது. தோற்கிற குழு என்ன செய்ய வேண்டும் என்பதில் ஊருக்குள் சண்டை. நல்ல ஆட்டக்காரனை விற்று நாலு இளசுகளை வாங்கு என்று பாதிப் பேர். இருக்கிறவனையும் விற்றால் ஆட்டம் பார்க்க எவன் வருவான் என்று மீதிப் பேர். ரேடியோவில் இதே பேச்சு, முடி வெட்டுகிற இடத்தில் இதே பேச்சு. அந்த ‘நல்ல ஆட்டக்காரன்’ என்று இரு கட்சியும் சொன்னது எலீசியோவை. ரஸ்ஸல் பெயரை ஒருவனும் எடுக்கவில்லை, விற்கக்கூட.

பதினோரு வருடமாக இதே குழுவில் இடது மூலையைக் காத்து நின்றவன் ரஸ்ஸல். ஜெயிக்கிற குழுக்கள் மட்டும் ஆடுகிற அக்டோபர் ஆட்டங்களில் ஒரே ஒருமுறை ஆடிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. வயதோ முப்பத்தைந்து. மூன்று வருடம் முன்பு வந்த எலீசியோவை ஜெயிக்கிற குழுதான் வாங்கும், அவனுக்கு அந்த அக்டோபர் வீடு தேடி வருகிறது. போதாததற்கு அவன் நல்லவன் வேறு. “அண்ணே, அண்ணே” என்று பின்னாலேயே சுற்றுவான், சூரியகாந்தி விதையை முதலில் இவனுக்கு நீட்டிவிட்டுத்தான் தான் கொறிப்பான். கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டாவது நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

கடைசி நாள் பகல் ஆட்டம். ஐந்தாம் இன்னிங்ஸ் நடுவே, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து மாற்று ஆள் ஒருவன் கையுறையோடு ஓடி வந்தான். அந்த நாளில் ஆட்டத்தின் நடுவே ஒருவனை வெளியே அழைத்தால் அவன் விற்றுப்போனான் என்று அர்த்தம். அரங்கமே எழுந்து வலது மூலையைப் பார்த்தது. ஓடி வந்தவன் இடது மூலையில் வந்து நின்றான்.

“உன்னைக் கூப்பிடுறாங்க” என்றான்.

ரஸ்ஸலுக்குக் கால் தரையில் பாவவில்லை. டக்அவுட்டில் எல்லோரும் வரிசையாக நின்று கட்டிப்பிடித்தார்கள். விடை கொடுக்கிற முறை அதுதான். மேனேஜர் டூலி முதுகில் தட்டினார். யாரோ தொப்பியைக் கழற்றிக் கையசைக்கச் சொன்னார்கள், அசைத்தான். வலது மூலையில் நின்ற எலீசியோ இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் குதிப்பது தெரிந்தது. உன்னை விட்டுவிட்டு என்னைக் கேட்டிருக்கிறார்கள் பார்த்தாயா என்று ரஸ்ஸல் மனதுக்குள் கொக்கரித்துக்கொண்டான்.

மாடியில் குழுவை நடத்துகிற கோரின் அம்மாள் காகிதத்தோடு காத்திருந்தாள். பத்து வருடம் ஆடி, கடைசி ஐந்தை ஒரே குழுவில் கழித்தவனை அவன் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. கையெழுத்து வேண்டும். கேட்பது மேற்குக் கரையில் முதல் இடத்தில் இருந்த குழு.

பேனாவை எடுத்தவன், நல்ல பெருமையோடு, தன்னிடம் என்ன பிடித்ததாம் என்று கேட்டான்.

கோரின் பொய் சொல்லத் தெரியாதவள். “இங்க பாருங்க ரஸ்ஸல், அவங்க கேட்டது எலீசியோவை. அவனோட மருத்துவ அறிக்கை வந்ததும் அவனும் கிளம்புறான். நாலு வருஷம் அங்கேயே ஆடறேன், ஆனா ரஸ்ஸலையும் எடுத்துக்கணும்னு அவன்தான் அடம்பிடிச்சிருக்கான். நீங்க பெஞ்சுலதான் இருப்பீங்க. இருந்தாலும் அக்டோபர் ஆச்சே.”

ரஸ்ஸலின் முகம் செத்துப்போனது. காய் வாங்கினால் போடுகிற கொசுறு கறிவேப்பிலையா நான்?

“நான் வரலைன்னா அவன் போக முடியாதா?”

“அவன் எப்படியும் போறான். உங்களுக்குத்தான் நஷ்டம்.”

எலீசியோவைத் தடுக்கவாவது முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எதிரிக்குச் சகுனத்தடை என்று மூக்கை அறுத்துக்கொண்டவனுக்காவது எதிரியின் பயணம் கெட்டது. இவனுக்கு அதுவும் இல்லை. தெரிந்தே பேனாவை மேசைமேல் வைத்தான். அவன் போட்ட பிச்சையில் எனக்கு அக்டோபர் வேண்டாம் என்றான். யோசியுங்கள், மணி ஐந்துகூட ஆகவில்லை என்றாள் கோரின். அவன் அதற்குள் படியிறங்கிவிட்டான்.

கட்டித் தழுவி அனுப்பிய பிறகு எவனும் டக்அவுட்டுக்குத் திரும்பி வந்ததில்லை. ரஸ்ஸல் வந்தான். எல்லோரும் விழித்தார்கள். ஒருவன், என்ன மச்சான், விலை படியலையா என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். திரும்ப ஆடவும் வழியில்லை. வெளியே எடுத்தவனை மறுபடி இறக்க விதியில் இடம் கிடையாது. பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, தன் இடது மூலையில் வேறொருவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாம் இன்னிங்ஸில் எலீசியோவை அழைத்தார்கள். அரங்கம் எழுந்து நின்று ஓயாமல் கை தட்டியது. மறுபடி வரிசை, மறுபடி தழுவல். வரிசையில் கடைசி ஆள் ரஸ்ஸல். எலீசியோ அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டான். விஷயம் அவன் காதுக்கு வந்திருந்தது.

“வரலைன்னுட்டியாமே அண்ணே. அண்ணிக்கு மாசம் நெருங்கிடுச்சு, அதான?”

காலையில் ரஸ்ஸலின் மனைவி, கூப்பிட்டால் யோசிக்காமல் போய்விடு, பிரசவத்துக்கு என் அம்மா இருக்கிறாள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

“ஆமாடா” என்றான் ரஸ்ஸல்.

“எனக்குத் தெரியும். உன் இடத்துல நான் இருந்தா பொண்டாட்டிய விட்டுட்டு ஓடியிருப்பேன். உன் மனசு எனக்கு வராது அண்ணே.” சொல்லும்போதே எலீசியோ அழுதுவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கையசைத்துவிட்டுப் படியேறிப் போனான்.

ரஸ்ஸல் பெஞ்சுக்குத் திரும்பினான். அக்டோபர் போனதுகூட அந்த நேரத்தில் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இப்படிச் சந்தேகமே இல்லாமல் ஒருவனை நம்ப அந்தப் பயலால் எப்படி முடிகிறது என்று, அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.