பராமரிப்பு என்றால் என்ன?

ஞானபாக்கியத்துக்கு எரிச்சல் உச்சந்தலை வரைக்கும் ஏறியிருந்தது. இராயபுரத்தில் அவள் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் பழைய காரைவீட்டைப் பார்க்க வந்த தொல்பொருள் இலாகா அதிகாரி, அரை மணி நேரமாக வாசல் தூண்களைத் தடவித் தடவி ரசித்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் உத்திரம் கரையான் தின்று தொங்குகிறது; அதை நிமிர்ந்து பார்க்க மனுஷனுக்கு நேரமில்லை. மகள் செல்லக்கனி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், நிறைமாதம். படுக்க இருப்பது அந்த ஓர் அறைதான், மற்ற இடமெல்லாம் மூட்டை.

வெள்ளைக்காரன் போய் ஆறு வருஷமாகியும் அவன் கட்டிய வீட்டைத் தொட முடியவில்லை! 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்று போன வருஷம் கடிதம் வந்த அன்று பிடித்த சனியன். உத்திரத்தை மாற்ற அனுமதி கேட்டு மனு போட்டாள். 'மாற்றம்' கூடாதாம், 'பராமரிப்பு' என்றால் செய்யலாமாம். அவள் ஊர்ப்பக்கம் பராமரிப்பது படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைத்தான். தொலையட்டும் என்று அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்தி மறுபடி எழுதிப் போட்டாள். முத்திரையோடு அனுமதி வந்தது. கொத்தனார் துரை புதுத் தேக்குமரத்தைக் கொண்டுவந்து இறக்கினான். பின்னாலேயே இந்த அதிகாரியும் வந்து நின்றார்.

"புது மரம் போட்டா அது மாற்றம்தாம்மா. பராமரிப்புன்னா தூசி தட்டலாம், எண்ணெய் பூசலாம். அவ்வளவுதான்."

"இன்னா சார் நீ? கைய வெச்சா மாவா கொட்டுது. தட்டுனா உத்திரமே பூடும்" என்றான் துரை.

"ஆபீசுக்கு எழுதுறேன். மூணு மாசத்துல பதில் வரும்."

"மூணு மாசமா? என் மவ வயித்துல இருக்கது அதுவரைக்கும் காத்துக் கிடக்குமாய்யா?"

அதிகாரி எழுத இடம் தேடினார். ஞானபாக்கியம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில் உத்திரத்துக்கு நேர்கீழே போட்டாள்.

"இங்க உக்காந்து எழுதுங்க. காப்பி போட்டுத் தாரேன்."

அவர் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். விரித்த தாளில் பழுப்பாய்க் கொஞ்சம் மாவு உதிர்ந்தது. ஊதிவிட்டார். மறுபடியும் உதிர்ந்தது. அண்ணாந்து பார்த்தவர், நாற்காலியோடு மெல்லச் சுவரோரம் நகரப் பார்த்தார்.

"நகராதீங்கய்யா" என்றாள் ஞானபாக்கியம். "என் மவ தலை வைக்கிற இடம் அதுதான்."

பேனா தாளைத் தொடாமல் நின்றது. மேலே எங்கோ மரம் 'நெறுக்'கென்றது.