பன்னிரண்டாம் இலக்க நாடா

கண்டி நகரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் எங்கள் கந்தோர் இருக்கிறது. தேயிலைத் தோட்டக் கம்பனிகளின் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துவது எங்கள் தொழில். பத்திரப்படுத்துவது என்று பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. அதை எழுதியவனைக் குறை சொல்ல முடியாது, அவன் பலகைக்காரன்.

பதிவேடுகளெல்லாம் காந்த நாடாக்களில் இருக்கின்றன. அவற்றை ஓட்டுகிற பெட்டியில் பொத்தான் என்று இருப்பது ஒன்றே ஒன்று, நாடாவை வெளியே தள்ளுவதற்கு. மற்றதெல்லாம் கறுப்புத் திரையில் தட்டுகிற கட்டளைதான். தலைக்குப் போ என்று தட்டினால் சுற்றிக்கொண்டு நாடாவின் தொடக்கத்துக்குப் போகும். பத்துக் கோப்பைத் தாண்டு என்றால் எண்ணித் தாண்டி நிற்கும். இப்போது எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் இடத்தைச் சொல்லும். எழுது என்றால் எழுதும். ஏன் என்று ஒரு நாளும் கேட்காது. மவுஸ் பிடித்துப் பழகிய மற்றவர்கள் அந்தத் திரையைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்குவார்கள். அதை ஓட்டத் தெரிந்தது என் ஒருத்திக்குத்தான். கலஹாவில் கொழுந்து பறித்தவளின் மகள் கலாராணி, கண்டியில் நாடா ஓட்டுகிறாள் என்று எனக்கு ஒரு தலைக்கனமும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மூக்காயி அம்மா படியேறி வந்தார். அறுபதுக்குக் கிட்ட வயது. மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

"மிஸ், பழைய பேரேடெல்லாம் பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கீங்களாமே. புசல்லாவையில இருந்து வர்றேன்."

கதிரையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். போன வருஷக் கடைசி மழையில் புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயங்கள், மண்ணோடு சரிந்தன. அதில் ஒன்றில் கடைசிக் காம்பரா, கடைசி அறை, இவருடையது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரம் கோயிலடியில் இருந்திருக்கிறார். ஆனால் கடுதாசி என்று ஒரு துண்டு மிஞ்சவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிறார். இப்போது லயம் இழந்தவர்களுக்கு ஏழு பேர்ச் காணி கொடுக்கிறார்கள். யாருக்கு? தோட்டத்துக் குடும்பப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு. அந்தப் பதிவேடு இருந்த தோட்டத்து ஒபிசும் அதே மண்ணுக்குள்தான் போனது.

"வாக்காளர் இடாப்பு, அடையாள அட்ட எல்லாங் காட்டிட்டேன் மிஸ். செல்லாதாம். இப்ப வேல செய்யிறவங்க பேருதான் புது லிஸ்டுல இருக்காம். பழைய பேரேட்டுல இருக்குன்னு ஒரு கடுதாசி கொண்டாந்தா சேப்பாங்களாம். வெள்ளிக்கிழம மூடிருவாங்களாம்."

"பேரு கட்டாயம் பதிஞ்சிருக்கா அம்மா?"

இதைக் கேட்டதும் அவர் முகம் நிமிர்ந்தது. "என்னா அப்பிடிக் கேட்டுட்டீங்க? கல்யாணங் கட்டி வந்த வருசமே எங்க ஊட்டுக்காரரு ஒபிசுக்குப் போயி, கிளாக்கரோட மல்லுக்கட்டி எம் பேர எழுத வச்சாரு. மூணு நாளு பேர் போட விடாம அலைய வச்சிருக்காங்ய. விடலையே மனுசன். பொன்னையான்னு பேரு. குடிப்பாரு, போட்டு அடிப்பாரு, எல்லாந்தான். செத்து ஆறு வருசமாச்சி, பொய் சொல்லக் கூடாது. ஆனா அந்த ஒரு காரியத்த எனக்காகச் செஞ்சாரு. அத நெனச்சித்தான் மத்தத மறந்துட்டேன்."

பத்து நிமிஷ வேலை என்று சொல்லி அவருக்குத் தேநீர் வரவழைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். என் குறிப்புப் புத்தகத்தில் எந்தப் பதிவேடு எந்த நாடாவில் என்று எழுதி வைத்திருக்கிறேன். மேற்பிரிவுக் குடும்பப் பதிவேடு: பன்னிரண்டாம் இலக்க நாடா, பதினோராவது கோப்பு. நாடாவை அலுமாரியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் தள்ளினேன். தலைக்குப் போ என்றேன்; போனது. பத்துக் கோப்பைத் தாண்டு என்றேன். இயந்திரம் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. தாண்ட முடியவில்லை என்றது திரை.

நாடா அழுக்காக இருக்கும் என்று துப்புரவு நாடாவைப் போட்டு எடுத்து மறுபடி கேட்டேன். அதே பதில். ஒவ்வொன்றாகத் தாண்டச் சொன்னேன். ஒன்றைத் தாண்டியது. இரண்டாவதே இல்லை என்றது. பதினெட்டுக் கோப்பு இருக்க வேண்டிய நாடாவில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது என்ன கோப்பு? திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி. "புத்தாண்டில் எல்லாம் சுபமாகட்டும்." தேதி ஏப்ரல். தட்டியவள் நான்.

நாடாவை வெளியே தள்ளி இலக்கத்தைப் பார்த்தேன்: பன்னிரண்டேதான்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்து வேலை தொடங்குவதற்கு ஒரு சுபநேரம் குறிப்பார்களே, அதை எங்கள் முதலாளி மோகனராஜ் சேர் ஒரு நிமிஷம் பிசகாமல் பார்ப்பார். அந்த நிமிஷத்தில் ஆளுக்கு ஒரு வேலையைத் தொட்டுத் தொடங்க வேண்டும். கணக்குப் பகுதி ஒரு வரி எழுதும். சாரதி வேனை ஸ்டார்ட் செய்வார். நான் ஒரு வெற்று நாடாவில் ஒரு சின்னக் கோப்பு எழுதுவேன். இந்த வருஷம் வடக்கு முகமாக இருந்து தொடங்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தில் இருந்தது. என் மேசை தெற்குப் பார்த்தது. சேர் சும்மா விடுவாரா? திரையையும் விசைப்பலகையையும் தூக்கி எதிர்ப்பக்கம் ஒரு கதிரையில் வைத்து, என்னை வடக்கே திருப்பி உட்கார வைத்தார்கள். நாடாப் பெட்டி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

எப்போதும் தட்டுவதற்கு முன் பெட்டியில் உள்ள நாடாவின் இலக்கத்தைப் பார்ப்பேன். நிலை என்ன என்று கேட்பேன். அன்று இரண்டும் செய்யவில்லை. பாற்சோற்றுத் தட்டோடு பதினொரு பேர் சுற்றி நின்றார்கள். "கலாராணி, இன்னும் முப்பது செக்கன்! நெகத நேரம் தப்பப் போகுது, தட்டுங்க, தட்டுங்க!" என்று சேர் கத்தினார். தட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ படமும் எடுத்தார்கள். புத்தாண்டுக்கு முதல் நாள், கலஹா பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், பன்னிரண்டாம் நாடாவைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனது நானேதான். பணியாரம் தின்றுவிட்டு மத்தியானம் அதை எடுத்து அலுமாரியில் வைத்ததும் நானேதான்.

நாடாவில் புதிதாக எதையாவது எழுதினால், எழுதி முடித்த இடத்தில் இதோடு சரி என்று இயந்திரம் ஒரு முடிவுக்குறி போட்டுவிடும். அதற்கு அப்பால் அது போகாது. எத்தனை கட்டளை தட்டினாலும் போகாது. என் வாழ்த்து ஒரு விரற்கடை நாடாவைத்தான் பிடித்திருக்கும். மிச்ச நூற்றுக்கணக்கான மீற்றரில் லயங்கள், காம்பராக்கள், ஆட்கள் எல்லாம் எழுதியது எழுதியபடி கிடக்கிறார்கள். இருக்கிறார்கள், ஆனால் கிடைக்கமாட்டார்கள். இதைவிட அழிந்தே போயிருக்கலாம்.

"அகப்பட்டுச்சா மிஸ்?" என்று கேட்டார் மூக்காயி அம்மா.

"கொஞ்சம் நேரமெடுக்கும் அம்மா. வியாழக்கிழம வாங்க."

அவர் தேநீர்க் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

சேரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஒளிக்கவில்லை. அவர் முதலில் நம்பவில்லை, பிறகு வியர்த்தார், பிறகு கதவைச் சாத்தினார்.

"ரெண்டாவது கொப்பி இருந்திச்சே?"

"இறக்குமதி நின்ன வருஷம் புது நாடா இல்லன்னு ரெண்டாவது கொப்பிகள் மேல எழுதச் சொன்னீங்க சேர். எழுதினேன்."

"நான் சொன்னேனா?"

"மேல எழுத முடியாம நாடாவப் பூட்டி வைக்கிற சின்னத் தாழ்ப்பாளையும் போட வேணாம், திரும்பவும் எழுத வேண்டிவரும்னு நீங்கதான் சேர் சொன்னீங்க."

சிங்கப்பூரில் இப்படிப்பட்ட நாடாவைத் திறந்து வாசிக்கிற கம்பனி உண்டு, அனுப்பிப் பார்ப்போம் என்றேன். சிரித்தார். அனுப்பினால் விஷயம் வெளியே வரும், வந்தால் பதினான்கு தோட்டத்துக் கம்பனிகளும் வாசலில் நிற்கும் என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். அந்தக் குரலைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"கலாராணி, நான் உங்களப் பொய் எழுதச் சொல்லல்ல. தேடினோம். பதிவு கிடைக்கல்ல. இது உண்மையா இல்லையா? அத மட்டும் எழுதுங்க. நாடா, சுபநேரம், அதெல்லாம் என்னத்துக்கு? எழுத மாட்டேன்னா நான் வேற மாதிரி எழுதணும், யார் கை பட்டு இது போச்சின்னு. உங்களுக்கு இன்னும் வீட்டு லோன் இருக்கு இல்லையா?"

இரண்டு நாள் அந்தப் பெட்டியோடு மல்லாடினேன். முடிவுக்குப் போ, பின்னால் வா, தாண்டு, மறுபடி தாண்டு. தெரிந்த கட்டளை எல்லாம் தட்டினேன், தெரியாததைத் தேடிப் படித்தும் தட்டினேன். அது ஒவ்வொரு தடவையும் அதே வாழ்த்தின் விளிம்பில் வந்து நின்றது. அந்தப் பதிவேட்டை ஸ்கேன் செய்ததும் நான்தான். காம்பரா காம்பராவாக எழுதிய பதிவேடு அது. ஒரு காம்பராவைக்கூட விட்டிருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பொன்னையாவின் பெயரைக் கண்டேனா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான பெயர்கள். ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் என் ஞாபகத்துக்கு யார் முத்திரை குத்துவார்கள்?

புதன்கிழமை மாலை கடிதத்தைத் தட்டி அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. தலைக்கனம் பிடித்தவளுக்குக் கண்டியில் இருந்து கலஹாவுக்குத் திரும்பிப் போகப் பயம், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மூக்காயி அம்மா கழுத்தில் புது மஞ்சள் சால்வையோடு வந்தார். யாரோ நிவாரணத்தில் கொடுத்திருப்பார்கள். கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, என்னிடமே நீட்டினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்களே வாசிங்க மிஸ்."

வாசித்தேன். மேற்படி பதிவேடு தொடர்பாக எம்மிடமுள்ள நாடாவில் தேடுதல் மேற்கொள்ளப்பட்டது. குறித்த நபரின் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. எவ்வளவு சுத்தமான தமிழ். ஒரு பிழை கிடையாது.

"அப்பிடின்னா?"

"பேரு இல்லையாம் அம்மா."

அழுவார் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவார் என்றும் நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் கடிதத்தை நான்காக மடித்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டத் தொடங்கினார்.

"பொய் சொல்லிட்டான் பாத்தீங்களா. பதிஞ்சிட்டேன்டி மூக்காயின்னு வந்து நின்னானே. மூணு நாளு அலைஞ்சேன்னானே. மூணு நாளும் குடிச்சிட்டுத் தவறணையில கெடந்துருக்கான். நானும் மண்டு மாதிரி நம்பி, அவன் அடிச்ச அடியெல்லாம் அந்த ஒண்ணுக்காக வாங்கிக்கிட்டேனே. முப்பத்தியெட்டு வருசம்."

"அம்மா, அவரு பதிஞ்சிருப்பாரு. எங்கயாவது..." இன்னும் ஒரே வாக்கியம். தவறு என்னுடையது என்று ஒரே வாக்கியம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேர் போன் பேசிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர்தான் வந்தது. வாக்கியம் வரவில்லை.

"அட, நீ ஏன் புள்ள அழுவுற?" மிஸ் போய்ப் புள்ளயாகிவிட்டேன். சால்வை நுனியால் என் கன்னத்தைத் துடைத்தார். "நீ என்னா பண்ணுவ? தேடித்தானே பாத்த. வர்ற செவ்வாக்கெழம அவனுக்குத் திவசம். மண்டபத்துலயே ஒரு எல போட்டுப் படைப்போம்னு அரிசி வாங்கி வச்சேன். ஒரு பருக்க வைக்க மாட்டேன் அந்தப் பொய்யனுக்கு."

"அப்பிடிச் செய்யாதீங்க அம்மா. ஒருவேள நாடாவுல..."

"மெசினு பொய் சொல்லுமா?"

அவர் உண்மையாகவே கேட்டார். தெரிந்தவளிடம் கேட்கிற மாதிரி, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லாதும்மா" என்றேன்.

கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். படிக்குப் படி பொன்னையாவைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே போனார். மருந்துக் கடை வாசல் வரைக்கும் எனக்குக் கேட்டது.